அவசரப்பட்ட அடக்கம்

பஸ்காரருடைய மகள் இறந்து, அடக்கம் முடிந்து, இரவல் வாங்கிய நாற்காலிகளையும் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகுதான், அவள் இறக்கவில்லை என்று வினைவேக வாரியத்திலிருந்து தகவல் வந்தது.

தகவலைக் கொண்டுவந்தவர் வேக அதிகாரி. இளவயதுக்காரர், மரியாதை தெரிந்தவர். கொடுத்த தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்க மனசு எப்படி இருக்கும்னு தெரியும் ஐயா. ஆனா நீங்க கொஞ்சம் அவசரப்பட்டு அடக்கம் பண்ணிட்டீங்கன்னு வாரியம் நினைக்குது."

பஸ்காரர் ஆயுசில் பாதியை பஸ் ஓட்டியே கழித்தவர். அதிகாரிகள் எது சொன்னாலும் முதலில் தலையாட்டிவிட்டு, பிறகுதான் அது என்னவென்று யோசிப்பார். இப்போதும் தலையாட்டினார். அவர் மனைவி ஆட்டவில்லை.

"எம் பொண்ண நான்தான் குளிப்பாட்டினேன்" என்றாள். "அவ எழுந்திருக்கல."

"அத நான் மறுக்கலம்மா. அது வீட்டு விஷயம். நான் பேச வந்தது வேகத்தப் பத்தி."

மகள் வேலை பார்த்தது இரும்புத் தகடு ஆலையில். துருப்பிடித்த தகடுகளை அமிலத் தொட்டியில் முக்கி எடுக்கும் கூடம் அவளுடையது. அமிலம் துருவைத் தின்னும், துரு தீர்ந்தால் இரும்பையும் தின்னும், குமிழி விடும், புகையும். நிறையத் தண்ணீர் கலந்த அமிலம் என்றால் இந்த வினையெல்லாம் சோம்பேறித்தனமாக நடக்கும். கெட்டி அமிலம் என்றால் சீறும். எந்தத் தொட்டியில் எவ்வளவு கெட்டியாக அமிலம் இருக்க வேண்டும், அது எந்த வேகத்தில் வேலை செய்ய வேண்டும் என்று நிர்ணயிப்பதற்காகத்தான் வாரியம் இருந்தது. நிர்ணய வேகத்தில் அந்தக் கூடம் புகையால் நிரம்ப ஒரு முழு ஷிப்டு பிடிக்கும் என்று வாரியம் கணக்குப் போட்டிருந்தது. ஆகவே ஜன்னல் தேவையில்லை என்றும் சொல்லியிருந்தது. ஜன்னல் வைக்கவில்லை.

"அதனாலதான் சொல்றேன்" என்றார் வேக அதிகாரி. "அந்த வேகத்துல புகை வந்தா, ஒருத்தருக்கு வாடை தெரியும். எழுந்து, கை கழுவி, நாலு பேர்கிட்ட சொல்லிட்டு, நிதானமா வீட்டுக்கே வந்துடலாம். சாகறதுக்கு நேரம் பத்தாது. அதாவது, நேரம் ரொம்ப அதிகம்."

"டாக்டர் புகைன்னுதான சொன்னாரு சார்."

"டாக்டர் உடம்பப் பாத்தாரு. வேகத்தப் பாக்கலையே."

"அன்னிக்கு ஆர்டர் அவசரம்னு தண்ணி கலக்காத அமிலத்த ஊத்தினாங்களாம். கூட வேலை பாக்கற பொண்ணு சொல்லுச்சு."

"தொட்டில வாரியத்தோட முத்திரை இருக்கு ஐயா. நானே ஒட்டினது. முத்திரை இருக்கற வரைக்கும் உள்ள இருக்கறது நிர்ணய அடர்த்திதான்."

"உள்ள எட்டிப் பாத்தீங்களா?"

வேக அதிகாரி சங்கடத்துடன் சிரித்தார். "முத்திரை ஒட்டின தொட்டிக்குள்ள எட்டிப் பாத்தா, முத்திரைய சந்தேகப்படற மாதிரி ஆயிடும்."

பஸ்காரர் மீதித் தண்ணீர் இருந்த டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு கேட்டார்.

"அப்ப எம் பொண்ணு எங்க சார் இருக்கா?"

"வேலைக்கு வராம இருக்காங்க. பதிவு அப்படித்தான். இப்போதைக்கு நடவடிக்கை எதுவும் எடுக்கல. நீங்க கவலைப்படாதீங்க."

வாசல்வரை போனவர் திரும்பி, இறந்தவளின் அம்மாவைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுப் போனார்.

மகளுக்கு வயது ஏறியும் வீட்டில் பாப்பாதான். அமிலத்தைப் பற்றி அவள் அப்பாவுக்கு ஒருமுறை சொல்லியிருக்கிறாள். "உங்க பஸ் மாதிரிதாம்ப்பா. கூட்டம் கம்மியா இருந்தா யாரும் யார் மேலயும் இடிக்க மாட்டாங்க. நெரிசலா இருந்தா, திரும்பினா இடி, குனிஞ்சா சண்டை. அமிலம் கெட்டின்னா அதுக்குள்ள கூட்டம் ஜாஸ்தி. இரும்பு மேல வந்து முட்டிக்கிட்டே இருக்கும். அதான் வேகம்." அன்று பஸ்காரர் சிரித்தார். "அப்ப கண்டக்டர் யாரு?" என்று கேட்டார். அவளும் சிரித்தாள்.

இப்போது அந்தப் பேச்சை நினைத்தால் அவருக்குக் கூட்டம் மட்டும்தான் கண்ணில் தெரிந்தது. ஜன்னல் இல்லாத ஒரு பஸ்.

பாப்பாவுடன் வேலை பார்த்த பெண்ணை எல்லாரும் நெட்டை என்பார்கள். அவள் அந்த வாரமே வந்தாள். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. கதவோரமாகவே நின்றாள்.

"அப்பா, அந்தத் தொட்டி இன்னும் ஓடுது. அதே அமிலம்தான். பாப்பா நின்ன எடத்துல என்னைய நிக்க வெச்சிருக்காங்க."

"நிறுத்தச் சொல்லக் கூடாதாம்மா?"

"மேஸ்திரிகிட்ட சொன்னோம். ஏதாவது நடந்தாத்தான நிறுத்த முடியும், ஒண்ணும் நடக்கலன்னு வாரியமே சொல்லிடுச்சேங்கறாரு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "தினம் ஷிப்டு ஆரம்பத்துல பேரு கூப்பிடறாங்கப்பா. அவ பேரையும் கூப்பிடறாங்க. ஒரு பேருக்குப் பதில் வரலன்னா மெஷின தொடங்கக் கூடாதுன்னு சட்டம். எல்லாரும் சும்மா நிக்கறோம். கூடம் கப்சிப்னு இருக்கு. தொட்டி மட்டும் சீறுது."

"அப்புறம்?"

நெட்டை தரையைப் பார்த்தாள். "முந்தாநேத்து யாரோ 'இருக்கேன்'னாங்க. பின்னாடியிலிருந்து. யாருன்னு தெரியல. எல்லாரும் திரும்பிப் பாத்தோம், எல்லாரும் வாய மூடிக்கிட்டுதான் இருந்தாங்க. மேஸ்திரி குறிச்சிக்கிட்டு மெஷின ஓட்டிட்டாரு. இப்ப தினமும் பதில் வருது."

அம்மா அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள். "அவ குரலா?" என்று கேட்டாள்.

நெட்டை அழ ஆரம்பித்தாள்.

மறுநாள் பஸ்காரர் வாரியத்துக்குப் போனார்.

வாரியத்தின் முன்கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஜாடி இருந்தது. ஜாடியில் அமிலம், அமிலத்தில் ஒரு துத்தநாகத் துண்டு. வாரியம் தொடங்கிய நாளில் அதன் முதல் தலைவர் போட்டது என்று எழுதியிருந்தது. அமிலம் அவ்வளவு நீர்த்திருந்ததால் துண்டு இன்னும் கரையவில்லை. ஒரு குமிழி எழுவதைப் பார்த்த பிறகுதான் யாரும் உள்ளே போகலாம் என்பது விதி. பொறுமையைக் கற்பிப்பதற்கு. காவலர் பஸ்காரரை ஜாடியின் முன்னால் நிறுத்திவிட்டு, தானும் கைகட்டி நின்றார். வெயில் ஜன்னலிலிருந்து சுவருக்கு நகர்ந்தது.

"வந்துச்சா?" என்றார் பஸ்காரர்.

"அது தூசி" என்றார் காவலர்.

ஒருவழியாகக் குமிழி வந்தது. காவலர் அதற்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

உள்ளே பெஞ்சுகளில் ஆட்கள் காத்திருந்தார்கள். காத்திருந்து காத்திருந்து நிறம் வெளுத்தவர்கள் மாதிரி இருந்தார்கள். பஸ்காரர் பக்கத்தில் ஒரு கிழவர் மடியில் ஒரு பழைய தொப்பியை வைத்திருந்தார். ஆலைத் தொப்பி.

"யாருக்காக வந்திருக்கீங்க?" என்று கேட்டார் பஸ்காரர்.

"பையனுக்கு. பேட்டரி கம்பெனில இருந்தான்." கிழவர் தொப்பியைத் தடவினார். "போன மாசம் அவனுக்குப் பதவி உயர்வு குடுத்திருக்காங்க."

"உயிரோட இருக்காரா?"

கிழவர் தொப்பியைப் புரட்டிப் பார்த்தார். "முதல்ல எனக்கு நல்லாத் தெரிஞ்சிருந்துச்சு" என்றார்.

தலைவருடைய அறையில் கடிகாரம் ஓடாமல் நின்றிருந்தது. தலைவர் அன்பாகப் பேசினார். அன்பாகப் பேசுகிறவர்களிடம் எதிர்த்துப் பேசத் தெரியாது பஸ்காரருக்கு.

"நாங்க வர்றதுக்கு முன்னாடி அமிலமெல்லாம் இஷ்டத்துக்கு வேலை செஞ்சிக்கிட்டு இருந்துச்சு பெரியவரே. ஒரு எடத்துல வேகமா, ஒரு எடத்துல மெதுவா. ஒழுங்குன்னு ஒண்ணு கிடையாது. அத ஒரு கட்டுக்குள்ள கொண்டு வந்தோம். வாரியம் ஆரம்பிச்சதுலேருந்து ஒரு வினைகூட நிர்ணய வேகத்தத் தாண்டினதில்ல. தாண்டிச்சுன்னு சொன்னவங்க நிறைய பேரு இருந்தாங்க. இப்ப அவங்கள்ல ஒருத்தர்கூட புகார் சொல்றதில்ல."

"ஏன் சார்?"

"வர்றதில்ல." தலைவர் கையை விரித்தார். "நம்பிக்கை வந்துடுச்சுன்னுதான் எடுத்துக்கணும்."

"எம் பொண்ணு அமிலத்தப் பத்தி ஒண்ணு சொல்லுவா சார். பஸ்ல கூட்டம் ஏறினா இடிச்சிக்குவாங்கள்ல, அந்த மாதிரி..." பஸ்காரர் இரண்டு கையையும் சேர்த்து இடித்துக் காட்டினார். "நல்லாச் சொல்லுவா. நல்ல பொண்ணா இருந்தா சார்."

"இருக்காங்க" என்று திருத்தினார் தலைவர். "பஸ்ல கூட்டமா இல்லையான்னு போக்குவரத்துத் துறை சொல்லணும். அது நம்ம வரம்புல வராது."

பஸ்காரருக்கு இதில் ஒன்று மட்டும் புதிதல்ல. டெப்போவில் எல்லா பஸ்ஸும் சரியான நேரத்தில் வந்து சேர்ந்ததாகத்தான் எழுதுவார்கள். பாதிவழியில் அச்சு முறிந்து நிற்கும் பஸ்ஸும் நேரத்துக்கு வந்துவிடும். ஆனால் அந்த பஸ்ஸிலிருந்து யாரும் இறங்கி வீட்டுக்கு வந்ததில்லை என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

அந்த நிச்சயம்தான் மெல்ல மெல்லக் கரைந்தது. அதிகாரிகள் இருக்கிறாள் இருக்கிறாள் என்று சொல்லச் சொல்ல, வீட்டில் ஏதோ ஆக ஆரம்பித்தது. ஆலை ஷிப்டு முடியும் நேரத்துக்கு பஸ்காரர் முக்குக் கடைக்குப் போவார். வாங்குவதற்கு ஒன்றும் இருக்காது. பஸ்ஸிலிருந்து பெண்கள் இறங்கும்வரை நிற்பார். ஒவ்வொருத்தியின் முகமாகப் பார்ப்பார். பிறகு தன்மேலேயே வெறுப்பு வந்து திரும்புவார். அம்மா கதவுக்குத் தாழ் போடுவதை விட்டுவிட்டாள். சலவைத் தூளைத் தண்ணீரில் போட்டால் எழும் நுரைச் சத்தம்கூட அவளுக்கு ஆகவில்லை. வெறும் தண்ணீரில் துணி அலசினாள். ஒருநாள் சாயங்காலம் அவள் மூன்று தட்டு எடுத்து வைத்ததை அவர் பார்த்தார்.

"ஏண்டி?" என்றார்.

"தெரியல" என்றாள் அவள். மூன்றாவது தட்டைத் திரும்ப எடுக்க இருவருக்கும் கை வரவில்லை. அது அங்கேயே இருந்தது.

பாப்பா இறந்தாளா இல்லையா என்று விசாரிக்க வாரியம் நாள் குறித்தது. முதல் சாட்சியாக மகளையே அழைத்திருந்தார்கள்.

மண்டபம் நிறைய ஆட்கள். சேவகர் வாசலில் நின்று அவள் பெயரைக் கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டு விதிப்படி காத்திருந்தார். மண்டபமே கதவைப் பார்த்தது. மறுபடி கூப்பிட்டார். தாழ்வாரத்தில் காலடிச் சத்தம் மாதிரி ஏதோ கேட்டது. அம்மா எழுந்து நின்றுவிட்டாள். பஸ்காரர் அவள் கையைப் பிடித்தார். யாரோ ஒரு ஊழியர் ஃபைலோடு உள்ளே வந்து உட்கார்ந்தார். மூன்றாவது முறை கூப்பிட்டபோது பஸ்காரர் கண்ணை மூடிக்கொண்டார். வந்துவிடுவாளோ என்று அவருக்குப் பயமாக இருந்தது. மகள் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்ட அந்த ஒரு நொடிக்காக அவர் வாரியத்தை என்றைக்கும் மன்னிக்கவில்லை.

"சாட்சி ஒத்துழைக்கல" என்று தலைவர் அறிவித்தார். "பரவாயில்ல. வாரியம் யாரையும் கட்டாயப்படுத்தாது. சந்தேகம் இருக்கறவங்களுக்காக அதே தொட்டியிலிருந்து அமிலம் கொண்டு வரச் சொல்லியிருக்கேன். அதே தகடு. எல்லாரும் கண்ணால பாக்கலாம்."

இதில் தந்திரம் எதுவும் இல்லை. தங்கள் முத்திரையை அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள்.

கடைசி வரிசைக்கும் தெரியவேண்டும் என்று மீன் தொட்டி அளவுக்கு ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி மேடையில் வைக்கப்பட்டிருந்தது. காற்று பட்டால் வேகம் மாறும் என்று ஜன்னல்களைச் சாத்தினார்கள். ஆலை ஆட்கள் பிளாஸ்டிக் கேன்களிலிருந்து அமிலத்தை ஊற்றினார்கள். ஊற்றும்போதே அது லேசாகப் புகைந்தது. முன்வரிசை இருமியது. வினை நீளும் என்பதால் தலைவர் நீளமான ஒரு உரை தயாரித்திருந்தார். வேக அதிகாரி தொட்டியின் மேல் குனிந்து நின்றார். குமிழிகளை ஒவ்வொன்றாகச் சபைக்குச் சொல்வது அவர் வேலை.

தகட்டுக் கட்டு உள்ளே இறங்கியது.

"ஒண்ணு" என்றார் வேக அதிகாரி.

அதற்குமேல் எண்ண முடியவில்லை. தொட்டி முழுவதும் ஒரே சமயத்தில் வெளுத்து, கொதித்து, சீறியது. பஸ்காரர் அந்தச் சத்தத்தை அதற்குமுன் கேட்டதில்லை. ஆனாலும் இன்னதென்று தெரிந்தது. பாப்பா கடைசியாகக் கேட்ட சத்தம் இதுதான். வெள்ளைப் புகை மேடையிலிருந்து வழிந்து இறங்கியது. தலைவர் "அவசரம்தான் இந்தச் சமூகத்தோட வியாதி" என்ற வரியில் இருந்தார். அதை முடிக்காமல் பக்கவாசல் வழியாக ஓடினார். அவருக்கு முன்னால் உறுப்பினர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். கதவில் நெரிசல். ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டார்கள்.

பஸ்காரர் மனைவியை ஜனத்தோடு வெளியே தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். வேக அதிகாரி இன்னும் தொட்டியின்மேல் குனிந்தே இருந்தார். கை மேடை விளிம்பைப் பிடித்திருந்தது. எண்ண முயல்வதுபோல வாய் மட்டும் அசைந்தது. பஸ்காரர் சட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மேடையேறி, அவர் காலரைப் பிடித்துப் படியில் இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். அந்த முகத்தைத் தன் வீட்டு நாற்காலியில் பார்த்ததெல்லாம் அப்போது அவருக்கு ஞாபகம் இல்லை. அவன் யார் பெற்ற பிள்ளையோ என்று மட்டும்தான் தோன்றியது.

தெருவில், கண்ணில் நீர் வழிய, ஒற்றைச் செருப்போடு நின்ற தலைவர் அங்கேயே கூட்டத்தை நடத்தி முடித்தார்.

"வினை நிர்ணய வேகத்துல நடந்துச்சு. சபை கடைசிவரைக்கும் பொறுமையா உக்காந்திருந்துச்சு. இது தீர்மானம்."

"சார், நாம வெளிய நிக்கறோம்" என்றார் ஒரு உறுப்பினர் இருமிக்கொண்டே.

"பதிவுல உள்ளதான் இருக்கோம்."

உறுப்பினர்கள் ஒருவர்பின் ஒருவராகத் திரும்பி மண்டபத்தைப் பார்த்தார்கள். ஜன்னல் கண்ணாடிகளுக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ அசைந்துகொண்டிருந்தது. பிறகு ஒவ்வொருவராகக் கையைத் தூக்கினார்கள்.

மறுநாள் காலை அம்மா பஸ்காரரிடம் சொல்லாமல் ஆலைக்குப் போனாள். பேர் கூப்பிடும் நேரம். வாயில்காரர் தடுத்ததையும் தாண்டி, அமிலக் கூடத்தின் வாசலில் போய் நின்றாள். மேஸ்திரி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு வந்தார். பாப்பாவின் பெயர் வந்தது. பின்னாலிருந்து "இரு..." என்று யாரோ தொடங்கினார்கள்.

"அவ இல்ல" என்றாள் அம்மா. கத்தவில்லை. கடையில் சாமான் இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள். "செத்துட்டா. இந்த எடத்துலதான் செத்தா. நான் அவளப் பெத்தவ."

மேஸ்திரிக்கு எங்கே குறிப்பது என்று தெரியவில்லை. எழுதுகோலை வைத்துக்கொண்டு நின்றார். பெண்கள் கூட்டத்திலிருந்து நெட்டை கையுறையைக் கழற்றினாள். அழுதபடியே வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். "நாந்தாம்மா பதில் சொன்னேன். முதல் தடவ மட்டும் நான் இல்ல. அது யாருன்னு சத்தியமாத் தெரியாது. அப்புறமெல்லாம் நான்தான். அந்த அமைதிய என்னால தாங்க முடியல."

அம்மா அவள் தலையில் கை வைத்தாள். மற்ற பெண்களும் ஒவ்வொருத்தியாகக் கையுறைகளைக் கழற்றினார்கள். அந்தத் தொட்டியைக் காலி செய்யும்வரை யாரும் உள்ளே போகவில்லை. முதலாளி கத்தினார், கெஞ்சினார், கடைசியில் அமிலத்தை வடிக்கச் சொன்னார். பராமரிப்பு என்று பெயர் வைத்தார்கள். சுவரை உடைத்து ஒரு ஜன்னலும் வைத்தார்கள். அது வெளிச்சத்துக்காக என்றார்கள். என்னவாகவோ இருக்கட்டும் என்றாள் நெட்டை. காத்து வருது, போதும்.

சில நாள் கழித்து ஒரு மத்தியான வேளையில், கையில் பை எதுவும் இல்லாமல், தலை வாராமல், ஒரு சின்னப் பெண் பஸ்காரர் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"நீங்கதான அவர வெளிய இழுத்துட்டு வந்தது?" என்றாள். "நான் அவரு சம்சாரம். வேக அதிகாரியோட."

பஸ்காரர் எழுந்து நின்றார். "எப்படிம்மா இருக்காரு?"

"ஆஸ்பத்திரில ரெண்டு நாள் மூச்சு வாங்கினாரு. அப்புறம் வாங்கல." அவள் சுவரில் சாய்ந்தாள். "ஆபீஸ்ல அவரு சீட்ல இருக்காருன்னு சொல்றாங்க. தினம் நாற்காலியத் துடைச்சு வெக்கறாங்களாம். நேத்து அவரு சாப்பாட்டு டப்பாவ குடுத்தனுப்புங்கன்னு ஆள் வந்துச்சு. நான்... குடுத்து அனுப்பிட்டேன்."

அடுக்களை வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். இவள் யாருடைய மனைவி என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. நெடுநேரம் அந்தப் பெண்ணையே பார்த்தாள். பஸ்காரர் அவள் என்ன சொல்லப் போகிறாளோ என்று பயந்தார்.

"டப்பா திரும்ப வந்துச்சா?" என்று கேட்டாள் அம்மா.

"வந்துச்சு. காலியா வந்துச்சு." அந்தப் பெண் அடுக்களைப் பக்கம் திரும்பினாள். "யாரு சாப்பிட்டிருப்பாங்க? சாயங்காலம் ஆனா கதவுல சாவி திருகற சத்தம் கேக்குது. எழுந்து போய்ப் பாக்கறேன். உங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்கும்னுதான் வந்தேன். அது எப்ப நிக்கும்மா?"

"என்ன வயசு அவனுக்கு?" என்றாள் அம்மா.

அந்தப் பெண் சொன்னாள்.

"நிக்காது" என்றாள் அம்மா. "கொஞ்சம் தள்ளிப் போகும். நாளைக்கு டப்பா கேட்டு வந்தா குடுக்காத. என்னைக் கூப்பிடு, நான் வந்து சொல்றேன்."

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் தலையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அதுவரை வரமாட்டேன் என்றிருந்த அழுகை இருவருக்கும் சேர்ந்து வந்தது. பஸ்காரர் கொஞ்ச நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பிறகு வெளியே போய், தெருவிலிருந்து யாரும் உள்ளே வராதபடி வாசலை மறித்து உட்கார்ந்துகொண்டார்.